மார்கழிப் பனிக்கு வீட்டு சூப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்த்திகை தீபம் முடிந்த கையோடு சேலத்தில் காலைப் பனி இறங்கிவிடும். எங்கள் மொட்டை மாடியிலிருந்து எப்போதும் தெரிகிற ஏற்காட்டு மலை, மார்கழியில் எட்டு மணி வரைக்கும் கண்ணில் படாது. அந்த இரண்டு மூன்று மாதமும் எங்கள் வீட்டில் சாயங்கால டீ கிடையாது, சூப்தான். அக்கம்பக்கத்திலும் சொந்தத்திலும் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வந்தேன். அவற்றுக்கான பதில்கள் இவை. அளவுகள் எல்லாம் நான்கு பேருக்கு; டம்ளர் என்றால் 200 மில்லி.

சூப் என்பது வெள்ளைக்காரன் பண்டம்தானே? நமக்குத்தான் ரசம் இருக்கிறதே?

பெயர் வெளியே இருந்து வந்தது, பண்டம் நம் வீட்டில் எப்போதும் இருந்தது. முருங்கை ஈர்க்கைக் கொதிக்கவைத்து மிளகு தட்டிப் போட்டுக் கொடுத்த பாட்டிகள் அதை 'சாறு' என்றார்கள், 'தண்ணி' என்றார்கள். சென்னையில் இருந்த ஆங்கிலேயர்கள் நம் மிளகுத் தண்ணீரைக் குடித்துப் பழகி, அதில் கறியும் காய்கறியும் சேர்க்கச் சொல்லி, 'முல்லிகட்டானி' என்ற பெயரில் தங்கள் ஊருக்கே கொண்டு போனார்கள். இன்றும் உலகம் முழுக்க ஓட்டல் மெனுவில் அந்தப் பெயர் இருக்கிறது.

சமையலில் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ரசத்துக்குப் புளிப்பு முக்கியம். நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதிக்கவிட்டால் கெட்டது. சூப் அப்படியில்லை. கீரையோ காயோ எலும்போ, எதைப் போடுகிறோமோ அதன் சாரம் தண்ணீரில் இறங்க வேண்டும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். அந்த நேரம் கீரைக்கு ஐந்து நிமிடம், ஆட்டுக்காலுக்கு ஒரு மணி.

பாக்கெட் பவுடர் இல்லாமல் சூப்புக்கு ருசி எங்கிருந்து வரும்?

சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, உப்பு, ஒரு ஸ்பூன் நெய் அல்லது நல்லெண்ணெய். இந்த ஆறும் இருந்தால் போதும், ஏழாவதாக எதைப் போட்டாலும் சூப் ஆகிவிடும்.

கனமான பாத்திரத்தில் நெய் விட்டு, அரை ஸ்பூன் சீரகம் பொரிந்ததும் பத்து சின்ன வெங்காயத்தையும் ஐந்தாறு பல் பூண்டையும் தட்டிப் போடுங்கள். அரிந்து போடுவதைவிடத் தட்டிப் போடுவதில் சாறு சீக்கிரம் இறங்கும். வெங்காயத்தின் ஓரம் லேசாகப் பொன்னிறமாகிற வரைக்கும் அடுப்பை ஏற்ற வேண்டாம். நிறைய பேர் அவசரப்படுவது இங்கேதான். பச்சை வெங்காய வாசனையோடு தண்ணீரை ஊற்றிவிட்டால், அப்புறம் எத்தனை கொதி வந்தாலும் அந்த வாசனை போகாது. பொன்னிறம் வந்ததும் காய், ஐந்து டம்ளர் தண்ணீர், சிட்டிகை மஞ்சள்தூள். காய் வெந்ததும் உப்பு. மிளகு இறக்கும்போது.

மிளகை ஏன் கடைசியில் சேர்க்கச் சொல்கிறேன் என்று தனியாகவே கேட்கிறார்கள். மிளகின் வாசனை ஆவியோடு போகக்கூடியது. முதலிலேயே போட்டுக் கொதிக்கவைத்தால் காரம் மட்டும் நிற்கும், மூக்கில் ஏறுகிற அந்த மணம் சமையலறைக் காற்றுக்குப் போய்விடும். கடையில் பொடித்த மிளகுத்தூள் வேண்டாம். சின்ன உரலில் நான்கு இடி இடித்தால் கால் நிமிடம்கூட ஆகாது. ஒன்றிரண்டாக உடைந்த மிளகு டம்ளரின் அடியில் தங்கி, கடைசி வாயில் அகப்படுவது தனிச் சுகம்.

காய்கறித் தோலிலும் காம்பிலும் ஸ்டாக் வைக்கலாமா?

தாராளமாக. மல்லித்தழைக் காம்பு, கேரட் தோல், பட்டாணித் தோடு, வெங்காயத்தாளின் அடிப்பகுதி எல்லாவற்றையும் நன்றாகக் கழுவி, ஆறு டம்ளர் தண்ணீரில் அரை மணி நேரம் சிறு தீயில் வைத்து வடித்தால் வெறும் தண்ணீருக்குப் பதில் ஊற்ற அருமையான சாறு கிடைக்கும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் தண்டை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அவை நெடுநேரம் வெந்தால் கந்தக வாடை அடிக்கும். பட்டாணித் தோடுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மார்கழி, தையில் பட்டாணி மலிவாக வரும்போது உரித்த தோட்டைக் குப்பையில் போட மனசே வராது. அதில் ஒரு தித்திப்பு இருக்கிறது.

முருங்கைக்கீரை சூப் கறுத்துப்போய்க் கசக்கிறது. என்ன தப்பு செய்கிறேன்?

அதிக நேரம் வேகவிடுகிறீர்கள், மூடியும் போடுகிறீர்கள். கீரை வேகும்போது அதிலுள்ள அமிலம் ஆவியோடு வெளியேற வேண்டும். மூடி போட்டால் அது திரும்ப நீரிலேயே விழுந்து பச்சை நிறத்தைப் பழுப்பாக்கிவிடும். 'கீரையை மூடி வேகவைக்காதே' என்று பெரியவர்கள் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

கீரையை உருவும்போது மெல்லிய காம்பு கொஞ்சம் வந்தால் பரவாயில்லை, ஆனால் முற்றிய ஈர்க்கைத் தனியாக வையுங்கள். அதை வீசவும் வேண்டாம். தட்டி, ஐந்து டம்ளர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடித்தால் அதுவே இந்த சூப்புக்கு அடிநீர். வெங்காயம், பூண்டு, சீரகம் வதங்கியதும் அந்த நீரை ஊற்றித் தளதளவென்று கொதி வந்த பிறகு இரண்டு கைப்பிடி கீரையைப் போடுங்கள். கொதிக்கிற நீரில் விழுந்ததும் இலை ஒரு கணம் பளீரென்று பச்சையாகும், பிறகு மெதுவாகக் கரும்பச்சைக்குத் திரும்பும். இலையை விரலால் நசுக்கினால் மசிந்தால் போதும், நான்கைந்து நிமிடம்தான். உப்பு, மிளகு போட்டு இறக்கிவிடுங்கள். சிலர் அரைத்து வடிகட்டுகிறார்கள். எனக்கு இலை வாயில் தட்டுப்படுவதுதான் பிடிக்கும், நார்ச்சத்தும் வீணாகாது. கசப்பு பிடிக்காத பிள்ளைகளுக்கு இரண்டு ஸ்பூன் வெந்த பாசிப்பருப்பைக் கரைத்துவிட்டால் போதும்.

தக்காளி சூப்பில் பால் ஊற்றினால் திரிந்துவிடுகிறதே?

தக்காளி புளிப்பு, பால் புளிப்பைக் கண்டால் திரியும். சூடு சேர்ந்தால் இன்னும் வேகமாகத் திரியும். பாலை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. தக்காளிக்குப் பால் தேவையே இல்லை. நான்கு பழுத்த தக்காளி, ஒரு சின்னக் கேரட், ஒரு துண்டு பீட்ரூட் நிறத்துக்கு. மூன்றையும் குக்கரில் வேகவைத்து, ஆறவைத்து அரைத்து வடிகட்டினால் தானாகவே கெட்டியாக இருக்கும். கேரட்டின் தித்திப்பு புளிப்பை அடக்கிவிடும், சர்க்கரை போட வேண்டியதில்லை.

பால் கண்டிப்பாக வேண்டும் என்றால் அடுப்பை அணைத்து, சூப் சற்று ஆறிய பிறகு, பாலைச் சூடாக்கி அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூப்பைக் கலந்து, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக்குங்கள். மறுபடி கொதிக்கவிடக் கூடாது. கெட்டியான ஃப்ரெஷ் க்ரீம் பாலைப்போல அவ்வளவு சீக்கிரம் திரியாது.

கார்ன்ஃப்ளார் இல்லாமல் சூப்பைக் கெட்டியாக்க முடியுமா?

முடியும், ருசியும் கூடும். வெந்த பாசிப்பருப்பு, வெந்த உருளைக்கிழங்கு, ஒரு ஸ்பூன் வறுத்த கேழ்வரகு மாவு, இரண்டு ஸ்பூன் ஊறிய அரிசியை அரைத்த பால், இவற்றில் எது வீட்டில் இருக்கிறதோ அது. காளான் சூப்புக்குக் கேழ்வரகு மாவு அவ்வளவு பொருத்தம், நிறமும் காளானோடு ஒத்துப்போகும். காலிஃபிளவர் சூப்புக்கு உருளைக்கிழங்கு.

எந்த மாவானாலும் பச்சைத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். சுடுநீரில் போட்டால் மேல்புறம் உடனே வெந்து ஒட்டிக்கொண்டு உள்ளே மாவு மாவாகவே நிற்கும். கட்டி விழுவது இப்படித்தான். கரைத்ததை ஊற்றியதும் இரண்டு நிமிடமாவது கொதிக்க வேண்டும், இல்லாவிட்டால் பச்சை மாவு வாடை வரும். சூப் ஆற ஆற இன்னும் இறுகும். அடுப்பில் சரியாக இருக்கிறது என்று தோன்றினால் டம்ளரில் அது கூழாகிவிடும், அதனால் கொஞ்சம் நீர்க்க இருக்கும்போதே நிறுத்துங்கள்.

சூடாகவே மிக்ஸியில் அடிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். போன வருஷம் என் தங்கை தக்காளி சூப்பைக் கொதிக்கக் கொதிக்க ஜாரில் ஊற்றி ஸ்விட்சைப் போட்டாள். உள்ளே அடைபட்ட ஆவி மூடியைத் தூக்கிவிட்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கொப்புளம். ஆறுவதற்கு மூன்று வாரம் ஆனது. வெந்த காயைத் தண்ணீரிலிருந்து அரித்துத் தட்டில் பரப்பினால் பத்து நிமிடத்தில் ஆறிவிடும். காயை மட்டும் அரைத்து, சூடான சாற்றோடு சேர்த்துக்கொள்ளலாம். அவசரமாக இருந்தால் கீரை மத்து இருக்கிறது. பருப்பு, பூசணி, கேரட் எல்லாம் மத்துக்கே மசியும்.

ஆட்டுக்கால் சூப் வீட்டில் வைத்தால் கடை மாதிரி வருவதில்லை.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்: சுத்தம் செய்வதிலும் தீயிலும்.

கடையில் வாட்டி, வெட்டிக் கொடுத்தாலும் வீட்டுக்கு வந்து ஒருமுறை பாருங்கள். குளம்பு இருந்த இடத்திலும் விரல் இடுக்கிலும் முடியும் கரியும் ஒட்டியிருக்கும். அடுப்புத் தீயில் ஒவ்வொரு துண்டாகக் காட்டிக் கத்தியால் சுரண்டுங்கள். முடி கருகும் வாடை போய், தோல் லேசாகப் பொரிந்த வாசனை வரும்போது நிறுத்தலாம். அப்புறம் மஞ்சள்தூளும் அரிசி மாவும் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்து, தண்ணீர் தெளிகிற வரைக்கும் கழுவ வேண்டும். இதற்கே அரை மணி நேரம் ஆகும். குறைத்தால் அந்தக் குறை சூப்பில் வாடையாகத் தெரியும்.

நான்கு கால்களுக்கு ஏழு டம்ளர் தண்ணீர். இஞ்சி ஒரு துண்டு, பூண்டு பத்துப் பல், சின்ன வெங்காயம் பதினைந்து, எல்லாம் தட்டியது. ஒரு தக்காளி, ஒரு ஸ்பூன் மல்லி விதை, ஒரு ஸ்பூன் சீரகம் இடித்தது, மஞ்சள், கறிவேப்பிலை. குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயை ஒடுக்கி முக்கால் மணி நேரம் விடுங்கள். விசில் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள். தோலிலும் நரம்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் நீண்ட ஈரச் சூட்டில்தான் பசை மாதிரியான ஜெலட்டினாகக் கரையும். பெரிய தீயில் எட்டு விசில் விட்டு இறக்கினால் தண்ணீர்தான் சுண்டும், சாரம் இறங்காது. திறந்து பார்க்கும்போது எலும்பைத் தூக்கினால் தோல் நழுவ வேண்டும். ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள், பசை மாதிரி ஒட்டினால் சூப் ஆகிவிட்டது. மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் ஜெல்லி மாதிரி உறைந்திருக்கும். அதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று கொட்டியவர்கள் உண்டு. அது நல்ல சூப்புக்கு அடையாளம்.

கை கால் முறிந்தவர்களுக்கு இதைக் கொடுத்தால் எலும்பு சீக்கிரம் கூடுமா?

வீட்டில் யாருக்காவது மாவுக்கட்டு போட்டால் முதலில் ஆட்டுக்கால் வாங்க ஓடுவோம், நானும் ஓடியிருக்கிறேன். ஆனால் எலும்பிலுள்ள கால்சியம் வெறும் தண்ணீரில் அவ்வளவு எளிதாகக் கரைவதில்லை. ஒரு டம்ளர் ஆட்டுக்கால் சூப்பைவிட ஒரு டம்ளர் பாலிலோ கேழ்வரகுக் கூழிலோ கால்சியம் பல மடங்கு அதிகம். படுத்திருப்பவருக்குப் பசியைத் தூண்டும், கொஞ்சம் புரதம் தரும், நாக்குக்கு இதமாக இருக்கும். அதற்காகக் கொடுங்கள். கூடவே பால், முட்டை, பருப்பு, கீரை எல்லாம் வேண்டும்.

நாங்கள் சைவம். அதற்கு ஈடாக ஏதாவது உண்டா?

முடவாட்டுக்கால் கிழங்கு. கொல்லிமலைக்குப் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவி வழியில் இதைக் கூறு கட்டி விற்பார்கள், சூப்பாகவும் வைத்துக் கொடுப்பார்கள். ஏற்காட்டிலும் கிடைக்கும். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற ஒரு பெரணிச் செடியின் தண்டுதான் இது. மேலே பழுப்பு நிறத்தில் அடர்த்தியான ரோமம். பார்த்தால் உரிக்காத ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும், பெயரும் அப்படி வந்ததுதான்.

நான் முதல் தடவை வாங்கியபோது அதை எங்கே தொடுவது என்றே தெரியவில்லை. விற்ற அம்மா தன் கத்தியை எடுத்து, 'இஞ்சி தோல் சீவுற மாதிரி சீவு கண்ணு, ரோமம் ஒண்ணு உள்ள போனாலும் தொண்டையில உறுத்தும்' என்று ஒரு துண்டைச் சீவிக் காட்டினார். ரோமத்தின் கீழே மெல்லிய பச்சைத் தோல், அதையும் எடுத்தால் வெளிர்ப் பச்சையாக, ஈரமாக, வெள்ளரிப் பிஞ்சு மாதிரி உள்ளே இருக்கிறது. சீவிய பிறகு மூன்று தண்ணீரில் கழுவச் சொன்னார். இன்றுவரை அப்படியே செய்கிறேன்.

நான்கு பேருக்கு நூறு கிராம் போதும். சீவிய கிழங்கைப் பொடியாக நறுக்கி, இஞ்சி, பூண்டு, சீரகத்தோடு கொரகொரவென்று அரைத்து, வதங்கிய சின்ன வெங்காயம், ஒரு தக்காளியோடு சேர்த்து ஆறு டம்ளர் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். கொல்லிமலை மிளகும் அதே கடையில் கிடைக்கும், அதை இடித்துப் போடுங்கள். ஆட்டுக்கால் ருசி அப்படியே வரும் என்று சொன்னால் அது மிகை. ஆனால் அந்த அடர்த்தியும் தொண்டையில் இறங்கும் கனமும் வரும். மூட்டு வலிக்கு நல்லது என்று மலையில் நம்பிக்கையோடு குடிக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு பேரம் பேசாதீர்கள். பாறை ஏறி, காட்டிலிருந்து எடுத்து வருகிறார்கள்.

வாழைத்தண்டு சூப் நார் நாராக இருக்கிறது.

தண்டை வட்டம் வட்டமாக அரியும்போது ஒவ்வொரு வில்லைக்கும் நடுவே நூல் இழுபடும். அதை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டே அரிய வேண்டும். நாலு வில்லை அரிவதற்குள் விரலில் சிலந்தி வலை மாதிரி சேர்ந்துவிடும். அரிந்ததை உடனே மோர் கலந்த தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துப்போகும். வெந்த பிறகு அரைத்து வடிகட்டினால் மிச்ச நாரும் போய்விடும்.

கொள்ளு சூப்?

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியைச் சொல்லிக்கொண்டே நிறைய பேர் எடை குறைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கொள்ளு மட்டும் எடையைக் குறைத்துவிடாது, ஆனால் புரதமும் நாரும் உள்ள நல்ல பயறு, வயிறு நிறைந்த உணர்வு நெடுநேரம் இருக்கும். அரை டம்ளர் கொள்ளை இரவே ஊறவைத்து, ஆறு விசில் விட்டு, பாதியை அரைத்துப் பாதியை அப்படியே விட்டு, பூண்டு கொஞ்சம் தாராளமாகத் தட்டிப் போடுங்கள். ஊறவைக்க மறந்தால் வெறும் சட்டியில் வாசனை வர வறுத்துக்கொள்ளலாம், விசில் கூடுதலாக வேண்டும். எங்கள் பக்கத்தில் கொள்ளைக் கடைந்து சாப்பிட்டுவிட்டு, வடித்த நீரில் ரசம் வைப்பார்கள். அந்த நீரே பாதி சூப்தான்.

சளி பிடித்தால் சூப் குணமாக்குமா?

ஆறுதல் தரும். சூடான ஆவி மூக்கடைப்பை இளக்கும், தொண்டை எரிச்சல் தணியும், சாப்பிடப் பிடிக்காத நேரத்தில் உடம்புக்கு நீரும் உப்பும் போய்ச் சேரும். 1978-ல் அமெரிக்காவின் மயாமி பீச்சில் நடந்த ஓர் ஆய்வில், குளிர்ந்த தண்ணீரைவிடச் சூடான கோழி சூப் மூக்குச் சளியை வேகமாக நகர்த்தியது. 2000-ல் நெப்ராஸ்காவில், வீட்டுப் பக்குவத்தில் வைத்த கோழி சூப், வீக்கத்தை உண்டாக்கும் சில வெள்ளணுக்களின் நகர்வைக் குறைக்கிறது என்று கண்டார்கள். ஆனால் அது சோதனைக்கூடத்தில், மனித உடம்பில் இல்லை. சளி அதன் போக்கில் ஒரு வாரம் இருந்துவிட்டுத்தான் போகும்.

எங்கள் வீட்டில் சளிக்கு முதலில் நினைவுக்கு வருவது தூதுவளை. இலையின் அடிநரம்பில் சின்ன வளைந்த முள் இருக்கும். அதைக் கத்தரியால் நறுக்கிவிட்டு, இருபது இலையை நெய்யில் சுருள வதக்கி, மிளகு, சீரகம், பூண்டோடு அரைத்து நான்கு டம்ளர் நீரில் கொதிக்கவிடுவோம். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நாட்டுக்கோழி. எலும்போடு வெட்டிய அரைக் கிலோ, இருபது நிமிடம் சிறு தீயில் குக்கரில். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ மூச்சு வாங்கினாலோ சூப்பை நம்பி உட்கார்ந்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் அந்த மூன்று நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கைக்குழந்தைக்கு எப்போதிலிருந்து கொடுக்கலாம்?

ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான். அதற்குப் பிறகும் நீர்க்க வடித்த சூப்பைக் கொடுத்து வயிற்றை நிரப்பிவிடாதீர்கள். குழந்தையின் வயிறு சின்னது. தெளிந்த சாற்றில் சத்து குறைவு, அது வயிற்றை அடைத்துக்கொண்டால் உண்மையான சாப்பாட்டுக்கு இடம் இருக்காது. கேரட்டையும் பருப்பையும் சாறெடுக்காமல் அப்படியே மசித்து, நெய் விட்டு, ஸ்பூனில் சரியாமல் நிற்கிற பக்குவத்தில் கொடுங்கள். ஒரு வயது வரைக்கும் உப்பு வேண்டாம், மிளகும் பெரியவர்களுக்குப் போடும் அளவு வேண்டாம்.

ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கிட்னி பிரச்சினை இருப்பவர்கள்?

ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பு தூக்கலான பாக்கெட் சூப்பை விடுவது நல்லது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள்தான் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். வீட்டு சூப்பில் உப்பைப் பாதியாக்கி, பரிமாறும்போது சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் குறை தெரியாது. சர்க்கரை உள்ளவர்கள் மாவும் உருளைக்கிழங்கும் சேர்க்காமல் பருப்பில் கெட்டியாக்கிக்கொள்ளலாம்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கீரை, தக்காளி சூப்பில் உள்ள பொட்டாசியம் ஆகாமல் போகலாம், டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். யூரிக் அமிலம் கூடிக் கால் கட்டை விரல் வீங்குகிறவர்கள் ஆட்டுக்கால், எலும்பு சூப்பைத் தவிர்க்க வேண்டும். உடம்பில் யூரிக் அமிலமாக மாறுகிற பியூரின் என்ற பொருள், கறி வேகும்போது தண்ணீரில்தான் இறங்குகிறது. 'கறி சாப்பிடவில்லை, சாறுதானே குடித்தேன்' என்று என் பெரியப்பா சொல்வார். அவருக்கு வலி வந்ததே அந்தச் சாற்றால்தான்.

உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் சரியாகுமா?

உருளைக்கிழங்கு உப்பை மட்டும் தேடி உறிஞ்சாது, உப்புத் தண்ணீரைச் சேர்த்தேதான் குடிக்கும். ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றி, உப்பில்லாத வெந்த பருப்பையோ காயையோ மசித்துச் சேருங்கள். முதலிலேயே பாதி உப்பு போட்டு, சுண்டிய பிறகு ருசி பார்த்து மீதியைப் போடும் பழக்கம் வந்துவிட்டால் இந்தக் கேள்வியே வராது.

பனிக்காலம்தானே, ராத்திரி வைத்த சூப்பை வெளியே வைக்கலாமா?

கூடாது. நமக்குக் குளிர்கிறது என்பதற்காகக் கிருமிக்குக் குளிராது. நம் ஊர் மார்கழி இரவில்கூட அடுப்படி அதற்கு வசதியான இடம்தான். அதிலும் பெரிய பாத்திரத்தில் இருக்கும் கறி சூப் மெதுவாக ஆறும், நடுவில் வெதுவெதுப்பு நெடுநேரம் நிற்கும். இரண்டு மணி நேரத்துக்குள் சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். சீக்கிரம் ஆற வேண்டுமானால் அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் பாத்திரத்தை வைக்கலாம். இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். எடுக்கும்போது வேண்டிய அளவு மட்டும் எடுத்துத் தளதளவென்று கொதிக்கவையுங்கள். கீரை சூப்பை மட்டும் நான் எடுத்து வைப்பதே இல்லை, மறுநாள் அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது.

யாழ்ப்பாணத்து ஒடியல் கூழும் சூப் மாதிரிதானா?

குடிக்கிற விதத்தில் நெருக்கம், ஆனால் அது ஒரு முழுச் சாப்பாடு. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவுதான் அதைக் கெட்டியாக்குகிறது. மீன், நண்டு, இறால், பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, அரைத்த மிளகாய், புளி எல்லாம் ஒரே பானையில். சுற்றம் எல்லாம் கூடி உட்கார்ந்து, பலா இலையை மடித்தோ பனையோலையைக் கிண்ணம் மாதிரி மடித்துப் பிளா கோலியோ குடிப்பார்கள். நாம் கார்ன்ஃப்ளார் தேடி அலைகிறோம், அவர்கள் பனைமரத்திலிருந்தே எடுத்திருக்கிறார்கள்.

சூப்பைச் சாப்பாட்டுக்கு முன்னால் குடிப்பதா, பின்னாலா?

முன்னால் என்றால் அரை மணி நேரம் முன்னால். தட்டு வைத்த பிறகு சூப்பைக் கொடுத்தால் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள். எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆறு மணி. கூட ஒரு கைப்பிடி பொரியோ, வறுத்த நிலக்கடலையோ. கண்ணாடிக் கிண்ணமும் ஸ்பூனும் வேண்டாம், எவர்சில்வர் டம்ளரைத் துணியால் பிடித்துக்கொண்டு ஊதி ஊதிக் குடிக்கும்போது உள்ளங்கைக்கும் சூடு கிடைக்கும்.

வேலை முடிந்து ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறேன். இருபது நிமிடத்தில் எதை வைப்பது?

பாசிப்பருப்பு கேரட் சூப். சின்னக் குக்கரில் ஒரு ஸ்பூன் நெய், சீரகம், தட்டிய எட்டு சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு. உரிக்க நேரமில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமையே வாரத்துக்கு உரித்து டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். வதங்கியதும் கழுவிய பாசிப்பருப்பு கால் டம்ளர், துருவிய கேரட் ஒன்று, மஞ்சள்தூள், நாலு டம்ளர் தண்ணீர். மூன்று விசில். திறந்து மத்தால் நாலு சுற்று கடைந்து, உப்பு போட்டு ஒரு கொதி விட்டு, மிளகு, மல்லித்தழை. குக்கரில் ஆவி அடங்குவதற்குள் முகம் கழுவி, துணி மாற்றிக்கொண்டு வந்து மிளகையும் இடித்துவிடலாம்.